ராணி வேண்டாம் என்கிற மகனுக்கு

என் ராசா என்றுதான் வழக்கம்போல எழுத ஆரம்பித்தேன். அப்புறம் உன் கடிதம் ஞாபகம் வந்து, சிரித்துக்கொண்டே அடித்துவிட்டேன். ராசாவும் வேண்டாம், ராணியும் வேண்டாம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறவனை ராசா என்று கூப்பிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய். அதனால் வெறும் தம்பி என்றே வைத்துக்கொள். எனக்கு உடம்பு பரவாயில்லை. மழைதான் விடுவேனா என்கிறது. நான் ஆயாவாகப் பார்க்கிற பிள்ளை மடுவத்தில் எல்லாப் பிள்ளைக்கும் சளி. அம்மாமார் கொழுந்தெடுக்கப் போன பிறகு, ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன். முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் பொறுத்துக்கொள். தொட்டில் மேல் மட்டும் பழி போட முடியாது. எனக்கே இந்த விசயத்தில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

உன் கடிதத்தில் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று, கடலுக்கு அப்பால் இருக்கிற ஒரு ராணியை இன்னமும் இந்த நாட்டுக்குத் தலைவியாக வைத்திருப்பது வெட்கக்கேடு, சனங்கள் ஓட்டுப் போட்டு ஒரு ஜனாதிபதியை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. ஹட்டனில் கடை சாத்தின பிறகு நீயும் உன் கூட்டாளிகளும் இதைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறாய். முதலாளி காதர் நானாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கிறாராம். இரண்டாவது சங்கதிதான் என்னை இரண்டு நாளாகச் சோறு இறங்கவிடாமல் செய்கிறது. இந்த நாட்டுத் தலைவரும் இந்தியத் தலைவரும் தோட்டத்து ஆட்களான நம்மைப் பங்கு போட்டு ஒப்பந்தம் செய்ததிலிருந்து, யார் எந்த நாட்டுப் பிரசை ஆவது என்று சீக்கிரம் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள் என்கிறார்கள். இந்தியாவில் ராசா ராணி கிடையாது, தேர்ந்தெடுத்த ஜனாதிபதி இருக்கிறார், ஆகவே அங்கே எழுதிக் கொடுத்தால் என்ன என்று நீ கேட்டிருக்கிறாய். உன் பெண்டாட்டி பார்வதியின் அம்மா அப்பாவும் அங்கேதான் போகப்போகிறார்கள் என்று சேர்த்திருக்கிறாய். கடைசியில், "நீ சொல்றதுதாம்மா முடிவு. போகச் சொன்னா போறோம், இருக்கச் சொன்னா இருக்கோம்" என்று முடித்திருக்கிறாய். நான் இங்கேதான் எழுதிக் கொடுப்பேன் என்று உனக்குத் தெரியும். நான் இங்கே, நீ அங்கே என்று ஆனால் அதற்குப் பிறகு உன் முகத்தை நான் பார்ப்பேனா என்பதே சந்தேகம். அதனால் ராணியைப் பற்றி ஒழுங்காக யோசிக்க வேண்டிய கட்டாயம் எனக்கு வந்துவிட்டது. என் வாழ்நாளில் இப்படி ஒரு வேலை வரும் என்று நான் நினைக்கவில்லை.

மடுவத்துச் சுவரில் அவள் படம் இருப்பது உனக்குத் தெரியும். முதலில் அவளுடைய அப்பா படம் இருந்தது. அவர் செத்ததும் துரைசாணி வந்து அதைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் மகளை மாட்டிவிட்டுப் போனாள். பக்கத்தில் மாரியம்மன் படம் இருந்ததால் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துத்தான் கும்பிடும். நானும் திருத்தவில்லை, எதைச் சொல்லித் திருத்துவது? நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தப் படத்துக்குக் கீழே நின்று கேட்டாய். "இவங்க யாரும்மா?" என்றாய். ராணி என்றேன். "நம்மள அவங்களுக்குத் தெரியுமா?" என்றாய். உங்கப்பாதான் வாசலில் தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "தெரியாம இருக்கிறதுதான்டா நல்லது. மேல இருக்கிறவங்க தூரத்துல இருக்கட்டும். பக்கத்துல இருந்தா நம்மளையும் கொழுந்து மாதிரி தராசுல போட்டு நிறுத்துக்கிட்டே இருப்பாங்க." உங்கப்பா கடைசி வரைக்கும் ராணி கட்சிதான். அவரைச் சும்மா சொல்லக்கூடாது. அவரிடம் காரணம் இருந்தது.

அந்தக் காரணத்தை நீ ஒரு நாளும் நின்று கேட்டதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். சுதந்திரம் வருவதற்கு முந்தின வருடம் உங்கப்பாவும் நானும் ஓட்டுப் போட்டோம். நீ என் இடுப்பில் இருந்தாய். இறக்கிவிட்டால் கத்துவாய், அதனால் உன்னையும் தூக்கிக்கொண்டே உள்ளே போனேன். நம் ஆட்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு, கோயிலுக்குப் போகிற மாதிரி வரிசையாகப் போனார்கள். வெள்ளைக்காரன் ஆண்டபோது நடந்தது அது. அப்புறம் நாடு நம்முடையது என்றார்கள், கொடி ஏற்றினார்கள், தோட்டத்தில் மிட்டாய் கூடக் கொடுத்தார்கள். அந்த மிட்டாய் கரைவதற்குள் நாம் இந்த நாட்டுப் பிரசைகள் இல்லை என்று சட்டம் வந்தது. அடுத்த எலக்சனில் நமக்கு ஓட்டு இல்லை. ராசா இருந்தபோது ஓட்டு இருந்தது, சனங்கள் ஆட்சி வந்ததும் ஓட்டு போய்விட்டது. உங்கப்பா இதை யோசித்து யோசித்து, ராசாவே தேவலை என்று முடிவு கட்டிவிட்டார். அது தப்பு என்று நீ சொல்வாய். எனக்கும் தப்பு என்றுதான் படுகிறது. எங்கே தப்பு என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியவில்லை. உன்னால் முடிந்தால் எழுது.

ஆனால் என்னிடம் கேட்டால், தலைவரைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும் என்பேன். அதை உன் புத்தகங்களிலிருந்து நான் தெரிந்துகொள்ளவில்லை. நம் மாரியம்மன் கோயில் பரிவட்டத்தில்தான் தெரிந்துகொண்டேன். நீதான் அந்தக் கலகத்தைக் கிளப்பினவன், இருந்தாலும் நான் பார்த்த விதத்தில் ஒரு தடவை சொல்கிறேன். திருவிழாவில் முதல் பரிவட்டம் பெரிய கங்காணி தலையில் கட்டுவதுதான் வழக்கம். அவர் செத்ததும் மகன் வேலாயுதத்துக்குக் கட்டினார்கள். அவன் நுவரெலியாவில் மரக்கறி லாரி வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். தோட்டத்தில் வருடத்துக்கு ஒரு தடவை, தேர் அன்றைக்குத்தான் அவன் முகம் தெரியும். வருவான், பூசாரி கட்டிவிடுவார், தேர் அவனுடைய பூட்டிக் கிடக்கிற வீட்டு வாசலில் நிற்கும், போய்விடுவான். அவனால் ஒரு தொல்லையும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். நீதான் லயம் லயமாக, வீடு வீடாகப் போய், "கங்காணி வேலையே போயிருச்சு, கங்காணி மகனுக்கு எதுக்கு இன்னும் பரிவட்டம்?" என்று கேட்டாய். மேல் லயத்துக்காரர்கள் சிரித்தார்கள். கீழ் லயத்துக்காரர்கள் யோசித்தார்கள், ஏனென்றால் தேர் அவர்கள் பக்கம் போனதே கிடையாது.

கடைசியில் பூசாரியே ஒரு வழி சொன்னார். கோயில் வாசலில் இரண்டு கொழுந்துக் கூடையை வைத்தார்கள், ஒன்று வேலாயுதத்துக்கு, ஒன்று நீ கொண்டு வந்த சுப்பையாவுக்கு. ஒரு காம்பரா வீட்டுக்கு ஒரு தேயிலைக் கொட்டை, பிடித்தவர் கூடையில் போட வேண்டும். நம் காம்பராவுக்கு யார் போடுவது என்று அங்கே ஒரு சண்டை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? உங்கப்பா போய்ச் சேர்ந்திருந்தார். "ஆம்பளப் புள்ள வளந்து நிக்கிறப்ப பொம்பள எதுக்கு?" என்றார்கள். நீ, "காம்பரா எங்கம்மா பேர்ல இருக்குங்க. அவங்கதான் போடுவாங்க" என்று கொட்டையை என் கையில் திணித்தாய். அன்றைக்கு எனக்கு உன் மேல் வந்த ஆசையை வார்த்தையில் சொல்ல முடியாது. அந்த ஆசையோடு நேராகப் போய் வேலாயுதத்தின் கூடையில் போட்டேன்.

உன் முகம் போன போக்கு இன்னமும் கண்ணில் இருக்கிறது. ஆனால் தம்பி, நீ கூடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் ஆளைப் பார்த்துவிட்டேன். கல்யாண வீட்டில் மொய் வாங்குகிறவர்கள் மாதிரி இரண்டு பேரையும் கூடைக்குப் பின்னால் கைகூப்பி நிற்க வைத்தது உன் மடத்தனம். சுப்பையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். வேலாயுதம் வெளிறிப்போய் நின்றான். இவனுக்கு யாருமே போடாவிட்டால் பிள்ளை என்ன ஆவான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான் ஒருத்திதான் அப்படி நினைத்தேன் என்றிருந்தேன். கொட்டிப் பார்த்தால் வேலாயுதத்தின் கூடை நிறைந்திருந்தது. ஒவ்வொருவரும் மற்றவர்கள் எப்படியும் சுப்பையாவுக்குத்தான் போடுவார்கள், நாமாவது பாவம் பார்ப்போம் என்று போட்டிருக்கிறோம். ராசாவை இறக்க எலக்சன் வைத்து, அதே ராசாவைப் பெரிய வெற்றியோடு திரும்பவும் ஏற்றி வைத்தோம். உலகத்தில் வேறு எந்தக் கூட்டமும் இப்படிச் செய்திருக்காது.

நீ வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளினாய். "அடிமைப் புத்திம்மா உங்களுக்கெல்லாம். வாய்ப்புக் குடுத்தாக்கூட மாற மாட்டீங்க" என்றாய். எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. "கேட்டீல்ல? கேட்டதுக்குச் சொல்லிட்டோம்ல? உனக்குப் புடிச்ச பதிலச் சொன்னாத்தான் பதிலா?" என்றேன். இப்போதும் அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது, அதை ஒளிக்கப் போவதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீ சரியாகப் பார்க்கவில்லை, ஏனென்றால் அந்த வருடமே ஹட்டனுக்கு வேலைக்குப் போய்விட்டாய். திருவிழா முடிந்து கொஞ்ச நாளில் வேலாயுதம் தன் வீட்டுக் கூரையைப் பார்க்க வந்தான். முன்பெல்லாம் அவன் வந்தால் ஒதுங்கி நிற்பார்கள். அன்றைக்குக் கீழ் லயத்துப் பெண்கள் இடுப்பில் கட்டின படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் அவனை வழியில் மறித்துக்கொண்டார்கள். "சின்னய்யா, நாங்க கொட்டை போட்டு வந்த ஆளு நீங்க. வார வருசம் தேரு எங்க லயத்துக்கு வரணும். பாதையை அகலமாக்கித் தாங்க" என்றார்கள். அவன் முழித்தான். அவன் அப்பாவிடம் யாராவது அப்படிக் கேட்டிருப்பார்களா? அவனிடமே முந்தின வருடம் கேட்டிருப்பார்களா? அதே வேலாயுதம்தான், அதே பரிவட்டம்தான். கொட்டை போட்டோம் என்கிற அந்த ஒரு சங்கதியால் எங்கள் வாய் திறந்துகொண்டது. செய்கிறேன் என்று தலையாட்டினான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வந்தான், அப்புறம் காணோம். அடுத்த வருடம் கூடை வைத்தபோது யாரும் பாவம் பார்க்கவில்லை. சுப்பையா வந்தான். நான் பயந்த மாதிரி சண்டையும் வரவில்லை. வேலாயுதமே பூசாரி கையிலிருந்து துணியை வாங்கி, சுப்பையா தலையில் கட்டிவிட்டு, என் பக்கம் வந்து, "ஆயாம்மா, இப்பத்தான் நிம்மதியா இருக்கு" என்றான். சுப்பையாவும் இப்போது கொஞ்சம் தலை கனத்துத்தான் திரிகிறான், அது வேறு கதை. அவனையும் இறக்கலாம் என்று அவனுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். ராணியிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். அவள் நல்லவளாகவே இருக்கலாம், படத்தில் சாந்தமான முகம்தான். அவளிடம் போய் நாங்கள் போட்டு வந்த ஆள் நீ என்று யாராலும் சொல்ல முடியாது.

இத்தோடு நான் நிறுத்தியிருந்தால் உன் கூட்டத்தில் என்னை மேடையேற்றிவிடுவாய். ஆனால் இதற்கு மேல்தான் எனக்குக் குழம்புகிறது. கொழும்பில் ராணிக்குப் பதிலாக ஒருவர் இருக்கிறாராமே, அவர் வெள்ளைக்காரர் கூட இல்லையாமே. அவரை யார் வைத்தது என்று நம் மருந்துக்காரரிடம் கேட்டேன். "ராணிதான் வைக்கிறாங்க ஆயாம்மா. ஆனா பிரதமர் சொல்ற ஆளத்தான் வைப்பாங்க" என்றார். அப்படியானால் ராணி பிரதமர் சொன்னபடி கேட்கிறாள், பிரதமர் ராணிக்குக் கீழே இருக்கிறார். யாருக்கு மேலே யார் என்று கேட்டால் அவரும் தலையைச் சொறிந்தார். இந்தியாவிலாவது எல்லாரும் போய் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுவார்களா என்றேன். அதுவும் இல்லையாம். சனங்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க, அந்த உறுப்பினர்கள் கூடி ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பார்களாம். இது உனக்குத் தெரியுமா? தெரிந்தும் எனக்கு எழுதாமல் விட்டாயா? பார்வதியிடமாவது சொன்னாயா?

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. அதை யாரிடமும் கேட்கவில்லை, உன்னிடம்தான் கேட்கிறேன். ராணியை நான் தேர்ந்தெடுக்கவில்லை. கொழும்பில் மாளிகை மாதிரி வீடு கட்டியிருக்கிறவரும் தேர்ந்தெடுக்கவில்லை. கொத்மலையில் வயல் வைத்திருக்கிற சிங்கள ஆளும் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த ஒரு விசயத்தில் நாங்கள் எல்லாரும் ஒன்று. நாளைக்கு நீ சொல்கிற மாதிரி தேர்தல் வைத்தால், அவர்கள் வரிசையில் நிற்பார்கள், நான் மடுவத்தில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருப்பேன். அவர்களுடைய தலைவர் என் தலைக்கு மேலேயும் தலைவர். வழியில் மறித்து, நான் போட்ட ஆள் நீ என்று அவரிடம் நான் சொல்ல முடியுமா? இதை நினைத்தால் ராணியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று உங்கப்பா மாதிரி எனக்கும் வாயில் வருகிறது. அடுத்த நிமிடமே, கீழ் லயத்துப் பெண்கள் வேலாயுதத்தை மறித்தது கண்ணில் வருகிறது. அப்புறம் ராணி வேண்டாம் என்று தோன்றுகிறது. நேற்று முழுக்க இப்படியே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தேன். ஒரு பிள்ளைக்குப் பாலுக்குப் பதில் இன்னொரு பிள்ளையின் கஞ்சியைக் கொடுத்துவிட்டேன், நல்லவேளை அது குடித்துவிட்டது.

இவ்வளவு குழப்பத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிவது கொஞ்சம்தான். நாட்டுக்குத் தலைவர் பிறப்பால் வரக்கூடாது, ஓட்டால்தான் வர வேண்டும். அந்த ஓட்டு எனக்கும் வேண்டும். என்னை வெளியே நிற்க வைத்துவிட்டு நடக்கிற தேர்தல் பாதித் தேர்தல்தான். நீ மேடையில் பேசினால் முதலாவதைப் பேசிவிட்டு இரண்டாவதை விழுங்கிவிடாதே. ராணியைப் பற்றிப் பேசினால் கை தட்டுவார்கள். நம் ஓட்டைப் பற்றிப் பேசினால் கை தட்ட மாட்டார்கள், பேசு. இது இங்கே இருந்து பேச வேண்டிய பேச்சு என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே ஜனாதிபதி இருப்பதால் போகிறேன் என்பது, அடுத்த தோட்டத்தில் கோயில் நன்றாக நடக்கிறது என்று இந்தத் தோட்டத்தில் பெயரை வெட்டிக்கொண்டு அங்கே போகிற மாதிரி இருக்கிறது. அங்கே போய் நன்றாக இருந்தவர்களும் இருக்கிறார்கள். அதனால் இதையும் நான் அடித்துச் சொல்லவில்லை.

இப்போது உன் கடைசி வரிக்கு வருகிறேன். நீ சொல்றதுதாம்மா முடிவு என்று எழுதியிருந்தாய். வாசித்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பக்கத்துக் காம்பராவுக்குக் கூட வாசித்துக் காட்டினேன். சாயங்காலம் அதே வரியைத் திரும்ப வாசித்தபோது எரிச்சல் வந்தது. என்னை யாரடா தேர்ந்தெடுத்தார்கள்? உன்னைப் பெற்றேன், அதனால் அம்மா ஆனேன். அந்த ராணியும் அப்படித்தானே பிறப்பால் வந்து உட்கார்ந்திருக்கிறாள். நாட்டுக்கு ஆகாது என்று நீ கத்துகிற காரியத்தை வீட்டுக்குள் என் தலையில் கட்டப் பார்க்கிறாய். நான் போ என்று சொல்லி நீ அங்கே கஷ்டப்பட்டால் என்னை நோவாய். இரு என்று சொல்லி இங்கே கஷ்டப்பட்டாலும் என்னைத்தான் நோவாய். உனக்கு அது வசதி, எனக்கு அது வேண்டாம்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்துவிட்டேன். பார்வதியின் அம்மா அப்பா போகிறார்கள் என்று இருக்கிறது. உன் கூட்டாளிகள் நினைப்பது இருக்கிறது. காதர் நானா நினைப்பது கூட இருக்கிறது. பார்வதி என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. பெற்றவர்கள் போவதால் அவளுக்கும் போக ஆசை என்று நீயாக வைத்துக்கொண்டாயா? இங்கே ஒரு கல்யாணத்துக்கு நீங்கள் வந்தபோது அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து தலைமன்னார், இந்தியாவுக்குப் போகிற கப்பல் என்று ஏதோ கேட்டாள். போக ஆசைப்பட்டுக் கேட்டாளா, பயந்து கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை, நானும் அன்றைக்கு வேலை மும்முரத்தில் விட்டுவிட்டேன். நீ இன்றைக்கே கேள். முந்திக்கொண்டு உன் எண்ணத்தைச் சொல்லிவிட்டுக் கேட்காதே. நீ ஆசைப்படுகிறாய் என்று தெரிந்தால் உனக்காகத் தலையாட்டிவிடுவாள், அது பதில் ஆகாது.

நான் என்ன நினைக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது? நீங்கள் இரண்டு பேரும் இங்கேயே இருக்க வேண்டும். காரணம் ஜனாதிபதியும் இல்லை, ராணியும் இல்லை. உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை, அவ்வளவுதான். ஆனால் இது ஒரு ஓட்டு. உங்கள் வீட்டில் இரண்டு ஓட்டு இருக்கிறது. பார்வதியும் மனதாரப் போகலாம் என்று சொன்னால் நான் தோற்றுவிட்டேன். தோற்றவர்கள் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. ஹட்டன் ஸ்டேசனில் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுவேன், அது எப்படியும் நடக்கும். அதைப் பார்த்து மனசு கேட்காமல் பெட்டியை இறக்கிவிடாதே.

அவளிடம் கேட்டுவிட்டு, அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுது.

அம்மா